உறைக்குள் ஒளிந்த சூது

சில ஆண்டுகள் விட்டிருந்த ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டு விளையாட்டுக்குத் திரும்புவோருக்கு இலவசச் சீட்டுக்கட்டு நீட்டுவது வழக்கம். அன்பளிப்பன்று அது, தூண்டில். 2014இல் வெளிவந்த அவ்விளையாட்டு 2016இல் முறையை மாற்றியது. அன்று காசு கொடுத்துச் சேர்த்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று முதன்மைப் போட்டியில் இறக்க இயலாது. புதியன வேண்டும்; உறை வாங்க வேண்டும். உள்ளிருக்கும் 5 சீட்டுகள் எவையென்பது பணம் செலுத்திய பின்னரே தெரியும்.

“காசு வெல்வதில்லையே, இதெப்படிச் சூதாகும்?” என்கின்றனர் நம் அரக்கோணத்துப் பெற்றோர் சிலர். விலை உறுதி, பொருள் உறுதியில்லை என்னும் வாணிபத்திற்கு ஃபிக்ஹில் ‘கரர்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் தடுத்த வாணிபம் அது. பெல்ஜியத்துச் சூதாட்ட ஆணையமே 2018இல், காசு பெற்றுத் திறக்கும் இத்தகைய குலுக்கல் பெட்டிகளைச் சூதென்றது. ஆம்பூரில் தோல் வாங்குபவர் கட்டைப் பிரித்துப் பாராமல் பணம் எண்ணி வைப்பாரா? பிள்ளைக்கு மட்டும் ஏன் வைக்கிறோம்?