"கொள்" தெரியுமா? ஸ்பானிஷும் வரும்!

"துணியைக் கழுவினான்."

"கையைக் கழுவிக்கொண்டான்."

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சீர்காழிக் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். முதல் வேலை துணிக்கு. இரண்டாவது வேலை தனக்கே என்று உடனே சொல்வார். பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்வார். "கொள்" என்ற சிறு சொல் செய்யும் வேலை இது. பேச்சில் அது "கழுவிக்கிட்டான்" என்று மாறும். பொருள் மாறாது.

ஸ்பானிஷில் எப்படி?

ஸ்பெயினிலும், மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை பல நாடுகளிலும் பேசப்படும் மொழி ஸ்பானிஷ். அதைப் படிக்கும் மாணவர்கள் பயப்படுகிற பாடம் ஒன்று உண்டு. ஒருவர் செய்யும் செயல் அவரையே சேரும் வினைச்சொற்கள்தான் அந்தப் பாடம். நம்முடைய "கொள்" செய்கிற அதே வேலை!

"லாவார்" என்றால் கழுவுதல். "லாவார்ஸே" என்றால் தன்னைக் கழுவிக்கொள்ளுதல். கடைசியில் நிற்கும் "ஸே"யைக் கழற்றி முன்னால் வைக்க வேண்டும். ஆளுக்குத் தக்கபடி அதை மாற்ற வேண்டும். வினையின் வாலையும் மாற்ற வேண்டும்.

நான் — மே லாவோ
நீ — தே லாவாஸ்
அவன், அவள் — ஸே லாவா
நாம் — நோஸ் லாவாமோஸ்
அவர்கள் — ஸே லாவான்

வால் மாறுவது நமக்குப் புதிதா? கழுவுகிறேன், கழுவுகிறாய், கழுவுகிறான் என்று நாமும் மாற்றுகிறோமே! தமிழில் "கொள்" எல்லோருக்கும் ஒன்றே. ஸ்பானிஷில் அந்தச் சிறு சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. எல்லா இடத்திலும் "கொள்" பொருந்தாது. "லெவந்தார்" என்றால் தூக்குதல். "லெவந்தார்ஸே" என்றால் எழுந்திருத்தல். அங்கே நாம் வேறு சொல்லைப் போடுகிறோம்.

வந்து கற்றவர்கள்

சீர்காழிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் அங்கே வந்து இறங்கித் தமிழ் படித்தார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். மக்கள் பேசும் தமிழுக்கும் எழுதினார். பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவருடைய இத்தாலிய மொழி ஸ்பானிஷுக்குச் சகோதரி. அதிலும் "மே, தே, ஸே" போன்ற சிறு சொற்கள் உண்டு.

கடல் கடந்து வந்தவர் நம் ஊரார் பேச்சில் இலக்கணம் இருப்பதைக் கண்டார். நாமோ, "எனக்கு இலக்கணம் தெரியாது" என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்கிறோம்!

நெல் யாருக்கு?

இது வெறும் பாடப் புத்தக விஷயம் அல்ல. களத்து மேட்டுக்கு வாருங்கள்.

"நெல்லை அளந்தான்" என்றால் நெல் யாருக்கு என்று தெரியாது. "அளந்துகொண்டான்" என்றால் அவனே எடுத்துக்கொண்டான். "அளந்துகொடுத்தான்" என்றால் இன்னொருவருக்குப் போயிற்று. கொள், கொடு என்ற இரண்டு சொற்களில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது.

ரசீதைப் பாருங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டால் பணம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். பணம் வராமல் அந்தச் சொல்லின் கீழே கை வைக்கலாமா? கூடாது! புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய சொற்கள் இவை.

ஆகவே, முதியோருக்கு எழுத்துக் கற்பிப்பவர்கள் "அம்மா, ஆடு" என்பதோடு நிற்க வேண்டாம். "பெற்றுக்கொண்டேன், எழுதிக்கொடுத்தேன்" என்பவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். அயல்மொழி கற்பிக்கும் ஆசிரியர்களும் அட்டவணையை நீட்டுவதற்கு முன் மாணவனின் சொந்தப் பேச்சிலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோர்களே! இன்று இரவு சாப்பாட்டின்போது உங்கள் பிள்ளையைக் கேளுங்கள்: "சோறு போட்டான், சோறு போட்டுக்கொண்டான் — இரண்டில் யார் சாப்பிடுவார்?"

பிள்ளை சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். ஸ்பானிஷின் முதல் பாடம் அதுதான்.