ஒளித்துவைப்பது பாதுகாப்பு ஆகாது

ஷெல் ஸ்கிரிப்டைக் கம்பைல் செய்து பைனரியாகக் கொடுத்துவிட்டால் யாராலும் உள்ளே பார்க்க முடியாது, உள்ளே எழுதிய பாஸ்வேர்டும் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் வேரோடிக் கிடக்கிறது. உற்பத்தி லைனுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சிறு வெண்டர்கள் இதை நம்புகிறார்கள். வாங்கி நிறுவும் ஆலைகளின் ஐ.டி. பிரிவினரும் நம்புகிறார்கள். "கம்பைல் பண்ணியாச்சு சார், சேஃப்" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த நம்பிக்கை தவறானது. இதனால் ஆலைகளுக்கு உண்மையான கெடுதல் நடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, இந்தப் பகுதி முழுவதும் உதிரிபாக ஆலைகள் முளைத்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் வந்தது. பெரிய ஆலைகளுக்குப் பாகம் கொடுக்கும் சிறு ஆலைகளில் லைனின் மூலையில் ஒரு லினக்ஸ் பெட்டி இருக்கும். சோதனை மேடையின் அளவுகளை டேட்டாபேஸில் சேர்ப்பது, லேபிள் பிரிண்டருக்கு சீரியல் எண் அனுப்புவது, நள்ளிரவில் பேக்கப் எடுப்பது எல்லாம் அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளின் வேலை. ஐம்பது வரியில் முடிகிற ஸ்கிரிப்ட் நின்றால் லைன் நிற்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் பெரும்பாலும் அந்த வரிகளுக்கு நடுவில்தான் எழுதப்பட்டிருக்கும். அதை மறைக்கத்தான் எஸ்.எச்.சி. என்ற கருவியை நாடுகிறார்கள்.

பிரான்சிஸ்கோ ரோசாலெஸ் எழுதிய இந்தக் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர் இருந்தாலும், ஸ்கிரிப்டை அது இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. ஸ்கிரிப்ட் முழுவதையும் ஆர்.சி.4 முறையில் குறியாக்கம் செய்து, ஒரு சி நிரலுக்குள் பொதிந்து, அந்த சி நிரலைத்தான் கம்பைல் செய்கிறது. பைனரியை ஓட்டும்போது அது பழைய ஸ்கிரிப்டை அப்படியே மீட்டெடுத்து, பழைய ஷெல்லிடமே ஒப்படைக்கிறது. பேஷ் என்ற ஷெல் இல்லாத கணினியில் பேஷ் ஸ்கிரிப்டின் பைனரி ஓடாது.

ஆள் யாரும் சாவி கொடுக்காமல் நள்ளிரவில் தானாக ஓட வேண்டும் என்றால், திறக்கும் சாவியும் அதே பைனரிக்குள் இருந்தாக வேண்டும். கதவைப் பூட்டி நிலையிலேயே சாவியை மாட்டிவைப்பதும் இதுவும் ஒன்றுதான். பலவீனமானது என்று ஆர்.சி.4 முறையை இணையப் பாதுகாப்பு நெறிகளிலிருந்து 2015 பிப்ரவரியில் விலக்கினார்கள். ஆனால் உலகின் மிக வலுவான குறியாக்கத்தை அந்த இடத்தில் வைத்தாலும் நிலைமை மாறாது. சாவி திருடன் கையில் இருக்கும்போது பூட்டின் தரத்தைப் பேசிப் பயனில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இந்தக் கருவி வழக்கமான முறையில், மீட்டெடுத்த ஸ்கிரிப்டின் முழு உரையையும் ஷெல்லின் கட்டளை வரியில் வைத்துத்தான் ஓட்டுகிறது. முன்னால் ஏராளமான வெற்றிடங்களைச் சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளிவைக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் கட்டளை வரியை, தனியாகத் தடுத்து வைக்காதவரை, அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்கு ரூட் அதிகாரம் தேவையில்லை. உரிமையாளர் மட்டும் படிக்கும்படி அனுமதி கொடுத்த சாதாரண ஸ்கிரிப்டை மற்றவர்கள் படிக்க முடியாது. அதே ஸ்கிரிப்டைக் கம்பைல் செய்து ஓட்டினால், ஓடும் நேரமெல்லாம் பாஸ்வேர்ட் உட்பட அது எல்லோருக்கும் திறந்து கிடக்கும். காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த வேலை இருந்த காப்பையும் எடுத்துவிடுகிறது.

"சரி, உண்மையிலேயே கம்பைல் ஆகும் மொழியில் எழுதினால்?" என்று கேட்கலாம். நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. டிட்ராக் என்ற அந்த நிரலை எழுதியவர்கள் கைதேர்ந்தவர்கள். அது முறையாகக் கம்பைல் செய்யப்பட்ட பைனரி. இருந்தும் அதற்குள் பதித்து வைத்திருந்த நிலையத்தின் கணக்குப் பெயரையும் பாஸ்வேர்டையும் வெளியிலிருந்த ஆய்வாளர்கள் படித்து உலகுக்குச் சொன்னார்கள். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளும் இதற்கு விலக்கல்ல. சீமென்ஸின் வின்சிசி மென்பொருளுக்குள் மாற்ற முடியாதபடி பதிந்திருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வெளியே கசிந்து, 2010இல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலுக்கு வாசலாயிற்று. பாஸ்வேர்டை மாற்றினால் ஆலை இயக்கம் பாதிக்கப்படலாம், மாற்ற வேண்டாம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லவேண்டிய நிலைக்கு அந்த நிறுவனமே வந்தது. பைனரிக்குள் ரகசியத்தைப் பதிப்பவர் எல்லோருக்கும் இந்த இக்கட்டு காத்திருக்கிறது: கசிந்த பிறகும் மாற்ற முடியாது.

"இதையெல்லாம் ஹேக்கர்தான் செய்வார், எங்கள் ஆபரேட்டர் பார்க்காமல் இருந்தால் போதும்" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் வாதம். எனக்கு மிகவும் கோபமூட்டும் வாதமும் இதுதான். தீங்கு செய்ய வந்தவரை நிறுத்தாமல், நள்ளிரவில் லைன் நின்றதும் ஓடிவரும் மெயின்டனன்ஸ் தொழிலாளியை மட்டும் நிறுத்துவதற்குப் பாதுகாப்பு என்று எப்படிப் பெயர் வைப்பது? உதாரணமாக, பிரிண்டரின் ஐ.பி. முகவரி மாறியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஸ்கிரிப்ட் திறந்திருந்தால் ஒரு வரியைத் திருத்தி, ஐந்து நிமிடத்தில் லைனை ஓட்டிவிடுவார். பைனரி என்பதால் வெண்டர் போனை எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உற்பத்தி குறைந்ததற்குக் காலையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

வெண்டர் போனை எடுத்தாலும், மூல ஸ்கிரிப்ட் அவரிடம் இருக்கிறதா? இந்தப் பகுதியில் பொறியாளர்கள் ஒரு ஆலையிலிருந்து அடுத்த ஆலைக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதியவரின் லேப்டாப்போடு மூலமும் போய்விடும். மிஞ்சுவது யாருக்கும் உள்ளடக்கம் தெரியாத, யாராலும் திருத்த முடியாத ஒரு கோப்பு. புதிய சர்வருக்கு மாற வேண்டிய நாளில், தனக்குச் சொந்தமான ஸ்கிரிப்டை மீட்க ஆலையே உடைப்புக் கருவியைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

எஸ்.எச்.சி. கருவியில் காலாவதித் தேதி வைக்கும் வசதியும் உண்டு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவைக்க இதைப் பயன்படுத்தும் வெண்டர்கள் இருக்கிறார்கள். கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் அந்தத் தடை போய்விடும். கூடவே சோதனைப் பதிவுகளின் தேதிகளும் பொய்யாகிவிடும். பிரேக் பாகத்தின் சோதனைத் தேதி பொய்யாக இருப்பது சின்ன விஷயமா?

உழைப்பைத் திருடிவிடுவார்கள் என்று அஞ்சும் வெண்டருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. திறந்து கொடுத்தாலும் உரிமை போய்விடாது. பாஸ்வேர்டுக்கு வழி இன்னும் எளிது. அதை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். உரிமையாளர் மட்டும் படிக்கும் தனிக் கோப்பில் வையுங்கள். தேவையான ஒரு டேபிளில் எழுத மட்டும் அனுமதியுள்ள டேட்டாபேஸ் கணக்கைக் கொடுங்கள். ரூட் வேலை தேவையென்றால் சூடோவில் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் அனுமதி எழுதுங்கள். ஒரு மத்தியான நேரத்தில் முடிகிற வேலை இது.

ஆலைகளின் பர்ச்சேஸ் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்டரில் இரண்டு வரி சேருங்கள்: மூல ஸ்கிரிப்ட் ஆலையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், எந்தக் கோப்புக்குள்ளும் பாஸ்வேர்ட் பதிந்திருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத வெண்டரிடம் வாங்காதீர்கள்.