முத்திரையிட்ட விஷம்

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அருந்தி 60-க்கு மேற்பட்டோர் மாண்டபோது நாடெங்கும் பதறிற்று. அது நியாயமே. மெதனால் தேகத்தினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து, சில தினங்களுக்குள் உயிரையும் போக்கிவிடுகிறது. ஆனால், சர்க்கார் கடை இருக்கக் கள்ளச் சாராயத்தை ஏன் நாடவேண்டுமென்று அச்சமயம் சிலர் கேட்டனர். கடைச் சரக்கு தீங்கற்றதென்ற எண்ணம் இக்கேள்வியில் மறைந்திருக்கிறது. அதை மறுப்பது நமது கடமை.

முத்திரையிட்ட புட்டியிலுள்ளதும் விஷமே. தாமதித்துக் கொல்வது ஒன்றே வித்தியாசம். அளவின்றிக் குடிப்பவனுடைய கல்லீரலில் முதலில் கொழுப்பு சேர்கிறது. பின்னர் அழற்சி உண்டாகிறது. முடிவில் ஈரல் தழும்பேறிச் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி கண்டு மனிதன் மடிகிறான். ஆரம்பத்தில் குடியை விட்டால் ஈரல் பெரும்பாலும் தேறிவிடும்; முற்றியபின் பழைய நிலைக்குத் திரும்பாது. வாய், தொண்டை, உணவுக்குழல், ஈரல் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாக மது காரணமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1988-லேயே முடிவு கூறிற்று. 2019-ஆம் வருஷத்தில் மட்டும் உலகில் 26 லட்சம் பேர் மதுவினால் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. கள்ளச் சாராயச் சாவுக்கு விசாரணைக் கமிஷன் உண்டு. இந்தச் சாவுகளை விசாரிப்பார் யார்?

வருமானம் போய்விடுமே என்பது சர்க்காரின் பழைய சமாதானம். 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் நடத்திய ராஜாஜி மந்திரிசபை, இழந்த வருமானத்தை ஈடுசெய்யவே 1939-ல் விற்பனை வரியைக் கொணர்ந்தது. வரி நிலைத்தது, மதுவும் திரும்பிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் சர்க்கார் வசமாயிற்று. 2023-24-ல் மதுவினால் வந்த 45,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்தில் பெரும்பகுதி, அவ்விற்பனை வரியின் வாரிசான மதிப்புக் கூட்டு வரியே! மதுவை ஒழிக்கப் பிறந்த வரி மதுவினாலேயே கொழுப்பதைவிட விபரீதம் வேறுண்டோ? மதுவிலக்கை நோக்கி முயலவேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்து ராஜ்யத்துக்குக் கட்டளையிடுகிறது. விற்பவரே எச்சரிக்கை செய்தால் கேட்பவர் யார்?

ஆதலின் இப்பணி தேசத் தொண்டர்களைச் சார்ந்தது. குடிப்பவனை இகழ்வதில் பயனில்லை. நெடுநாள் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகலாம். அவனை வைத்தியரிடம் அழைத்துச் சென்று, தேறும் வரை துணை நிற்க வேண்டும். சர்க்காரிடமோ, கடைகளைக் குறைத்து மூடுவதற்குத் தேதி குறித்த திட்டத்தைக் கேட்க வேண்டும். ஏழையின் ஈரலை அடகு வைத்து நடத்தும் கஜானா நமக்கு வேண்டாம்.