விழிஞ்ஞத்தில் எதைப் பார்ப்பது?



ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் பிள்ளைகுட்டிகளோடு பஸ் ஏறிக் கோவளம் போகிறோம். மணலில் உட்காருகிறோம், கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்க்கிறோம், கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். பக்கத்திலேயே தெற்கே இருக்கும் விழிஞ்ஞத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

ஆய் மன்னர்களின் துறைமுகம் அது. பாண்டியரும் சோழரும் அதற்காகப் படையெடுத்து வந்தார்கள். 8-ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படும் சிறு குடைவரைக் கோயில் ஒன்று அங்கே உண்டு. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவன் உருவங்கள் பாதியில் நிற்கின்றன. கூலி நின்றதோ, படை வந்ததோ, உளியைக் கீழே வைத்தவன் திரும்பி வரவில்லை. அலையிலிருந்து மின்சாரம் எடுக்க 1991-இல் சென்னை ஐ.ஐ.டி. அமைத்த 150 கிலோவாட் நிலையமும் இங்கேதான் இருந்தது, அதுவும் நின்றுபோனது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அதிசயம் இங்குள்ள மீனவரின் ‘கணிச்சம்’. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையோ தேவாலய உச்சியையோ பின்னாலுள்ள மலைமுகட்டோடு ஒரே கோட்டில் வைப்பார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் அடியில் பார், பாரிலே மீன்! எந்தக் கருவியும் இல்லாமல் கட்டுமரத்தில் நின்று கண்ணாலேயே போட்ட கணக்கு இது. அப்பனிடம் மகன் படித்தது.

இயற்கையிலேயே ஆழமான கடல், 10 கடல் மைல் தூரத்தில் உலகக் கப்பல் பாதை. அதனால்தான் 2015-இல் புதிய துறைமுக வேலை தொடங்கியது. 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது. 2025 மே 2-இல் பிரதமர் துறைமுகத்தைத் திறந்தார். இடையே 2022-இல் நான்கு மாதங்களுக்கு மேல் மீனவர் போராடினார்கள். துறைமுகத்தால் கரை அரிக்கிறது என்றார்கள் அவர்கள். இல்லை என்றது துறைமுகத் தரப்பு. சிப்பி எடுக்க முங்குவோருக்கும் கரமடி இழுப்போருக்கும் நிவாரணம் கொடுக்கப்பட்டது.

துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்ப் பெண்கள் அங்கே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கிரேன் இயக்குகிறார்கள். நம் பெண்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. ஆனால் படகுக்கும் வலைக்கும் விலை போட்டார்களே, கணிச்சத்துக்கு என்ன விலை? அலைத்தடுப்புக்காகக் கல் கொட்டி மூடிய இடத்தில் எந்தப் பார் இருந்தது என்று கிழவர்களைக் கேட்டு எழுதினார்களா? அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்கள் சொல்லும் பெயர்களிலேயே, அந்தப் பார்களின் வரைபடத்தை அரசு தயாரிக்க வேண்டும். இனி ஒரு கல் கொட்டுமுன் அதை விரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கோவளத்தோடு நிற்காதீர்கள். மீன்பிடித் துறையில் வலை பின்னும் பெரியவர் யாரிடமாவது கணிச்சத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் பேச்சில் பாதி நம் பேச்சுத்தான்.