சோடா வேறு, டானிக் வேறு!

போன மாதம் என் கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். மறுநாள் ராத்திரி அவருடைய ஆபீஸ் சிநேகிதர்களுக்கு மொட்டை மாடியில் விருந்து. ஓரத்து மேஜையில் அவர்கள் சமாசாரம். பக்கத்திலேயே அதில் கலக்கிற சோடா, டானிக் வாட்டர், ஜிஞ்சர் ஏல், லைம் கார்டியல் என்று வரிசையாகப் பாட்டில்கள். "இதெல்லாம் வெறும் கூல் டிரிங்ஸ்தான் அண்ணி, நீங்களும் சாப்பிடுங்க" என்று எங்களுக்கும் உபசாரம் நடந்தது.

என் பெரிய நாத்தனாருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. "எனக்கு ஜூஸ் வேண்டாம்ப்பா, வெறும் சோடா குடு" என்றார். பரிமாறின பையன் டானிக் வாட்டரை ஊற்றிக் கொடுத்துவிட்டான். பார்வைக்கு இரண்டும் தண்ணீர் மாதிரிதானே? லேசாகக் கசந்ததாம். "கசப்புதானே, சர்க்கரைக்கு நல்லது" என்று அக்கா இன்னொரு பாட்டிலும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார்! பத்து மணிக்கு நாக்கு வறண்டு, தலை கிறுகிறுத்து, மெஷினில் பார்த்தால் 310. டாக்டரிடம் ஓடினோம். நல்ல வேளை, பயமில்லாமல் திரும்பினோம்.

மறுநாள் காலிப் பாட்டிலின் லேபிளைப் படித்தேன். 100 மில்லிக்கு 9 கிராம் சர்க்கரை! 300 மில்லி பாட்டிலென்றால் 27 கிராம். டீ ஸ்பூனில் அளந்தால் ஐந்தாறு ஸ்பூன். சோடாவில் சர்க்கரையே கிடையாது.

பின்னே கசப்பு எப்படி வந்தது? மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினாதான் டானிக்கில் கொஞ்சம் கலந்திருக்கிறது. அந்த மருந்துக்கான சிங்கோனா மரத்தை 1860-களிலேயே நம் நீலகிரியில், நடுவட்டத்தில் பயிரிட்டார்கள். கசப்பை மறைக்கத்தான் அத்தனை சர்க்கரை. இப்போது கொயினாவின் அளவு சொற்பம்தான். அமெரிக்காவில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்று சட்டமே இருக்கிறது. ஆனாலும் கர்ப்பிணிகளும், இதயத்துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இன்னொன்று. குடிக்காதவர்களுக்குக் கலக்கிற டம்ளரிலும் வாசனைக்கென்று நாலு சொட்டு 'பிட்டர்ஸ்' விடுவார்கள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் நூற்றுக்கு 44 பங்குக்கு மேல் ஆல்கஹால்! சொட்டுக் கணக்குதான் என்றாலும், குழந்தைகள் டம்ளரில் எதற்கு?

இதற்கெல்லாம் பதில் நம் அடுக்களையிலேயே இருக்கிறது சகோதரிகளே.

இஞ்சி எலுமிச்சை சிரப்: அரை கிலோ சர்க்கரையைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொதித்ததும் இறக்கி ஆறவிடுங்கள். 50 கிராம் இஞ்சியைத் தோல் சீவி, அரைத்துப் பிழிந்து அரை மணி வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படியும் மாவைத் தள்ளிவிட்டு, மேல் சாற்றை மட்டும் எடுங்கள். இதையும் கால் லிட்டர் எலுமிச்சைச் சாற்றையும் ஆறின பாகில் கலந்து வடிகட்டுங்கள். சூட்டில் சாற்றை விட்டால் கசந்துபோகும், ஜாக்கிரதை! ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். டம்ளருக்கு இரண்டு மேஜைக் கரண்டி சிரப், துளி உப்பு, கசக்கின புதினா நாலு இலை. சோடாவைக் கடைசியில் ஊற்றி, ஒரே ஒரு கலக்கு. அதிகம் கலக்கினால் காஸ் போய்விடும்.

சர்க்கரைக்காரர்களுக்கு சிரப் கூடாது. வெறும் சோடாவில் எலுமிச்சை, இஞ்சிச் சாறு, புதினா போதும். பி.பி. இருந்தால் உப்பையும் விட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களில் சோடாவுக்குத் தனித் தட்டு, சிரப்புக்குத் தனித் தட்டு. அக்காவுக்கு நானே என் கையால் கலந்து கொடுக்கிறேன். "கசப்பெல்லாம் மருந்தில்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதடி" என்று சிரிக்கிறார். அன்று ராத்திரி நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்!