37 இருக்கு, ஒண்ணுமில்லே!

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரெஸிஸ்டர் எது, கெபாஸிட்டர் எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரு நிமிஷம் முழிப்பேன். ஆனால் கணக்கு கொஞ்சம் வரும். இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போவது ஒரு கணக்குதான். பார்க்க எலக்ட்ரானிக்ஸ் மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள்.

என் தங்கை மகள் எட்டாவது படிக்கிறாள். அவர்கள் வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது குடும்ப வழக்கம். மாடித் தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டு வடாமின் மேல் அருவியாகக் கொட்டும். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டிப் பேசுவதையெல்லாம் இங்கே அச்சிட முடியாது. கோடையில் லாரித் தண்ணிக்குக் காத்துக்கிடக்கிற சென்னையில் இது பாவம் வேறு.

"தண்ணி ரொம்பறதுக்கு முன்னாடியே கத்தற மாதிரி ஒண்ணு செய்யப்போறேன் மாமா. ஸ்கூல்ல மைக்ரோகண்ட்ரோலர்னு சொன்னாங்க" என்றாள்.

கடையில் ரெடிமேடாகவே கிடைக்குமே என்று கேட்காதீர்கள். கிடைக்கும். அவளுக்குத் தானே செய்ய ஆசை. ஒரு குழந்தை தானாக ஒன்றைச் செய்ய ஆசைப்படுவது எவ்வளவு அபூர்வம்! மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே இன்டர்நெட்டில் தேடி ஒரு பெட்டியை ஆர்டர் செய்தேன். '37 சென்சார் கிட்'. விலை 1,250 ரூபாய். மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஒரு சென்சார் 33 ரூபாய் 78 காசு. அடடா, என்ன மலிவு!

இந்த இடத்தில்தான் என் பி.காம். என்னைக் கவிழ்த்தது.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது நகத்தளவு கம்ப்யூட்டர். வாஷிங் மெஷினில் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிறது. அதற்குக் கண்ணும் காதும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது சென்சார். வெப்பத்தை, வெளிச்சத்தை, தூரத்தை மின்சாரமாக மாற்றிச் சொல்லும். அவ்வளவுதான் சங்கதி.

பெட்டி வந்தது. திறந்தோம். குட்டிக் குட்டிப் பலகைகள், அறை அறையாக, நகைக் கடைத் தட்டு மாதிரி. அவள் கண்ணெல்லாம் பளபளத்தது. பத்து நிமிஷம் கழித்துக் கேட்டாள்: "மாமா, இதையெல்லாம் எதுல மாட்டறது?"

மைக்ரோகண்ட்ரோலர் போர்டு பெட்டியில் இல்லை! 37 கண், காது, மூக்கு எல்லாம் இருக்கிறது. தலை இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம். அது விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். போகட்டும் என்று ஆர்டுயினோ போர்டு ஒன்று வாங்கி வந்தேன்.

அடுத்த கேள்வி. "இதுல தண்ணிய அளக்கறது எது மாமா?"

"37 இருக்கேம்மா, ஏதாவது ஒண்ணு இருக்கும். தேடு."

தேடினாள். ஒரு வாரம் தேடினாள். விளக்கப் புத்தகம் கிடையாது. ஒரு தாளில் 37 பெயர்கள். அதில் ஒன்று 'மேஜிக் லைட் கப்'. மந்திரவாதி கடை மாதிரி இல்லை? கடைசியில் பெட்டியை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: "எனக்கு இந்த எலக்ட்ரானிக்ஸெல்லாம் வராது மாமா."

இதற்குத்தான் எனக்குக் கோபம். 1,250 ரூபாய் போனால் போகிறது. அந்தப் பெட்டியில் தண்ணீர் மட்டத்தை அளக்கிற சமாசாரம் ஒன்றுகூட இல்லை. தடுப்பு சென்சார் என்று ஒன்று உண்டு. முன்னால் ஏதோ இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாது. இல்லாததைத் தேடிக் களைத்துப்போன குழந்தை, குறை தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டது. பெட்டி முட்டாள், பழி பிள்ளைக்கு.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஸ்டாக் எடுத்தேன். கணக்கன் புத்தி. நீங்களும் கூட வாருங்கள்.

37 உருப்படிகளில் பத்து, சென்சாரே இல்லை. விளக்கு ஐந்து தினுசு, பஸ்ஸர் இரண்டு, ஒரு லேசர், ஒரு ரிலே, டி.வி. ரிமோட்டின் மூக்கில் இருக்குமே அந்த இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்று. இதெல்லாம் உணராது; எரியும், கத்தும். மிச்சம் 27. அதில் வெப்பத்தை அறிய நான்கு. காந்தத்தை அறிய ஐந்து. சாய்ந்தால், ஆடினால், தட்டினால் சொல்ல ஐந்து. சத்தத்துக்கு இரண்டு, ஒன்று பெரிய மைக், ஒன்று சின்ன மைக். ஒரே வேலை செய்கிற இரட்டைப் பிள்ளைகளையெல்லாம் கழித்தால் தேறுவது 15. விளம்பரத்தில் 37, விஷயத்தில் 15. நகைக் கடையில் இந்த அளவு சேதாரம் போட்டால் நாம் சும்மா விடுவோமா?

அந்த 15-லும் விரலை வைத்தால் நாடித்துடிப்பு சொல்லும் என்று ஒன்று. விரலைக் கொஞ்சம் அசைத்தால் போதும், எண்கள் தாறுமாறாகத் துள்ளும். அதை நம்பினால் நீங்களும் நானும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

சரி, உபயோகமில்லாதது இருந்துவிட்டுப் போகட்டும். ஆபத்தானதும் இருக்கிறதே!

சாய்ந்தால் சொல்கிற சென்சாரில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே வெள்ளிச் சொட்டு ஓடுகிறது. பாதரசம்! அந்த மேஜிக் லைட் கப்பிலும் அதே. ஜப்பானில் மினமாட்டா என்று ஓர் ஊர். தொழிற்சாலைக் கழிவில் போன பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து மனிதர்களுக்கு ஏறி, கை கால் விளங்காமல் போனார்கள். அந்த ஊர் பெயரிலேயே 2013-ல் உலக ஒப்பந்தம் போட்டார்கள், 2017-ல் அமலுக்கு வந்தது, 2018-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. பாதரசத்தைக் கைவிடுவதற்காக உலகம் கையெழுத்துப் போடுகிறது. நாம் அதைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். உலோக உருண்டை உள்ள சாய்வு சுவிட்ச் அதே பெட்டியில் இருக்கிறது, அதே வேலையைச் செய்கிறது. அப்புறம் இது எதற்கு? 37 என்று கணக்குக் காட்டத்தான்.

ரிலே இன்னொரு பயம். வீட்டு 230 வோல்ட்டை அதில் கொடுத்து மோட்டாரையே ஓட்டலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். பலகையின் அடியில் சால்டர் வைத்த இடங்களெல்லாம் திறந்து கிடக்கின்றன. தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லேசரைக் கண்ணில் அடிக்கக் கூடாது என்று எச்சரிக்க ஒரு வரி? அதுவும் இல்லை.

இப்போது சிலர் கேட்பீர்கள். "பலதையும் தொட்டுப் பார்த்தால்தானே சார் ஆர்வம் வரும்? எது பிடிக்கும்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?" நியாயமான கேள்வி. பள்ளிக்கூட லேபில், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு வாத்தியார் இருந்தால், பாதரசத்தை எடுத்துவிட்டு இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். முப்பது பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துப் பார்க்கட்டும். ஏற்கெனவே விஷயம் தெரிந்தவருக்கும் இது லாபம்தான். ஆனால் இதன் மேல் 'ஆரம்ப நிலையினருக்கு' என்று எழுதியிருக்கிறதே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நீச்சல் தெரியாதவனுக்கு 37 குளங்களின் சாவியைக் கொடுத்த கதை.

சொல்லித்தரத் தெரிந்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்கிற ஊரில் பிறந்தது. அங்கே டிசைன் படித்த மாணவர்களுக்கு, அதாவது என்னை மாதிரி எலக்ட்ரானிக்ஸ் தெரியாத ஜென்மங்களுக்காகச் செய்தது. அந்த ஊர் பார் ஒன்றின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். நோக்கம் ஒன்றே ஒன்று: பயமுறுத்தக் கூடாது. 2016-ல் பிரிட்டனில் பி.பி.சி. 'மைக்ரோபிட்' என்று ஒரு போர்டு செய்து, பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் இலவசமாகவே கொடுத்தது. அதில் எத்தனை சென்சார் என்கிறீர்கள்? அசைவு, திசை, வெப்பம், வெளிச்சம், இரண்டு பட்டன். எல்லாம் போர்டிலேயே பதித்தது. வயர்கூட வேண்டாம். அவர்களுக்கு 37 வைக்கத் தெரியாதா என்ன?

மறுபடி என் கதைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை அவளை இழுத்துக்கொண்டு மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆள் நுழைய முடியாத ஒரு கடை. "நல்ல சென்சார் கிட்டா ஒண்ணு காட்டுங்க" என்றேன், பட்டும் புத்தி வராமல். கவுன்டரில் இருந்த பையன் என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம் கேட்டான்: "என்ன பண்ணப்போறே பாப்பா?"

இன்டர்நெட்டும் கேட்கவில்லை, விளம்பரமும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. அவன் கேட்டான்.

அவள் தொட்டி, மோட்டார், வடாம் எல்லாம் சொன்னாள். அவன் ஒரே ஒரு பொருளை எடுத்து வைத்தான். அல்ட்ராசோனிக் சென்சார், தண்ணீர் படாத வகை. "சாதா வகை விலை கம்மி சார். ஆனா தொட்டி மூடியில மாட்டினா ஆவி பட்டுத் துருப்பிடிச்சுடும். இது தாங்கும். ஆனா கிட்டத்துல 20 சென்டிமீட்டருக்கு இதுக்குக் கண்ணு தெரியாது. கொஞ்சம் ஒசத்தி மாட்டணும்."

வௌவால் டெக்னிக்தான். மனிதக் காதுக்கு எட்டாத சத்தத்தை, விநாடிக்கு 40,000 அதிர்வு, கீழே அனுப்பும். தண்ணீரில் பட்டு எதிரொலி வரும். போய் வந்த மைக்ரோ விநாடிகளை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். வகுத்தல்! எனக்கே புரிந்துவிட்டது. தூரம் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது. பெட்டியிலிருந்த பஸ்ஸர் ஒன்றும் விளக்கு ஒன்றும் அவளே எடுத்து மாட்டினாள். ஞாயிறு சாயங்காலம் தொட்டி கத்தியது. அவளும் கத்தினாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடந்தது. ஒரு வாரம் கழித்து போன். "மாமா, மத்தியானத்துல மட்டும் தப்புத் தப்பாச் சொல்லுது. சரியா ஒரு மீட்டர் இருக்கு. 97-ங்குது." எனக்கு என்ன தெரியும்? அவளே சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு வந்தாள். காற்று சூடானால் சத்தம் வேகமாகப் போகும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். வெயிலில் மொட்டை மாடித் தொட்டிக்குள் காற்று 40 டிகிரியானால் 355. எதிரொலி சீக்கிரம் வந்துவிடுகிறது. தூரம் குறைவு என்று மெஷின் நினைத்துக்கொள்கிறது.

"அப்ப எனக்கு டெம்பரேச்சர் சென்சார் ஒண்ணு வேணும் மாமா" என்றாள். வேணும்! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இந்த முறை அவளுக்கே தெரிந்திருந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். நான்கில் எது? டி.எச்.டி.11 என்பது ஈரப்பதமும் சொல்லும், ஆனால் வெப்பத்தில் இரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். 50 டிகிரிக்கு மேல் அதற்குப் பேச்சு வராது. டி.எஸ்.18பி20 அரை டிகிரிக்குள் சொல்லும், 125 டிகிரி வரை தாங்கும். இரண்டாவதை எடுத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது? கேள்வி சொல்லிக் கொடுத்தது.

ஆகவே, பரீட்சை லீவுக்கு 'ரோபோடிக்ஸ் கிட்' வாங்க பர்ஸைத் திறந்திருக்கும் அம்மா அப்பாக்களே, கொஞ்சம் நில்லுங்கள். எத்தனை உருப்படி என்று எண்ணாதீர்கள். பிள்ளைக்கு என்ன செய்ய ஆசை என்று கேளுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மெஷினா? மண்ணில் குத்துகிற இரட்டைக் கம்பி சென்சார் சீக்கிரமே அரித்துப்போகும். கம்பி வெளியே தெரியாத கெபாஸிட்டிவ் வகை வாங்குங்கள். இருட்டினால் எரிகிற விளக்கா? ஓர் எல்.டி.ஆர். போதும். ஒரு போர்டு, ஒரு பிரெட்போர்டு, கொஞ்சம் வயர், சில ரெஸிஸ்டர், ஆசைக்குத் தேவையான ஒரு சென்சார். இவ்வளவுதான் ஆரம்பம். போர்டு 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா, சென்சார் அதற்குப் பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். மிச்சப் பணத்துக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். என்ன கோளாறு என்று அது காட்டிக் கொடுக்கும். பிள்ளை தன்னை நொந்துகொள்ள வேண்டியிருக்காது.

என் கணக்கை முடிக்கிறேன். 1,250 ரூபாய்ப் பெட்டியில் உபயோகப்பட்டது மூன்று: பஸ்ஸர், விளக்கு, வெப்பமானி. ஆக, ஒன்று 416 ரூபாய் 67 காசு. 33 ரூபாய் 78 காசு என்று சந்தோஷப்பட்டேனே, அந்த ஆள் பி.காம்.!

பாக்கி 34 பரணில் இருக்கிறது. பாதரசக் குப்பிகளைத் தனியாக டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன், மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுக்க. மற்றது யாருக்காவது வேண்டுமென்றால் இலவசமாகவே தருகிறேன். எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்பேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.