பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் எமது கொட்டில்களும்

பல்கலைக்கழக விடுமுறை வந்தால் இளைஞர் யுவதிகள் சுகாதாரத் தொண்டு நிறுவனங்களில் ஆறு கிழமை, இரண்டு மாதம் எனப் பயிற்சி பெறுவது இன்று வழமையாகிவிட்டது. கொழும்பிலிருந்து வருகிறார்கள். ஆடி, ஆவணியில் கடல் கடந்தும் வருகிறார்கள். எமது உறவுகளின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. இடம்பெயர்ந்தோர் வாழும் இடங்களே பெரும்பாலும் அவர்களுக்குக் களமாகக் காட்டப்படுகின்றன. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது.

நடப்பது என்ன? பிள்ளைகள் படிவத்தோடு வருகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், எந்தக் கிணற்றுத் தண்ணீர், மலசலகூடம் உண்டா, யாருக்குக் கடைசியாக வயிற்றோட்டம் வந்தது என்று கேட்கிறார்கள். சென்ற முறை வந்தவர்களுக்குச் சொன்ன பதிலையே நாமும் திரும்பச் சொல்கிறோம். படிவம் போகிறது, பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, கிணறு அப்படியே இருக்கிறது. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

1971இல் பங்களாதேச யுத்தத்தின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் தஞ்சம் புகுந்தனர். பொங்கான் என்னும் இடத்து முகாமில் கொலரா பரவியது. அங்கு பணிபுரிந்த டாக்டர் திலீப் மகாலனாபிஸிடம் நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துபோயிற்று. அவர் குளுக்கோசும் உப்பும் அப்பச்சோடாவும் கலந்த நீரைப் பீப்பாக்களில் நிரப்பி, வாயால் குடிக்கக் கொடுக்கச் செய்தார். தாதியர் போதவில்லை. நோயாளரின் தாய்மாரும் சகோதரருமே அதனை ஊட்டினர். நூற்றுக்கு 30 வரை போயிருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. மருத்துவ உலகம் முதலில் நம்பத் தயங்கிய அந்த வைத்தியத்தைச் செய்து காட்டிய கைகள், எம்மைப்போல ஊரைவிட்டு ஓடிவந்தவர்களின் கைகள்.

இன்று அது ஜீவனிப் பைக்கற்றாக எம்மிடம் உண்டு. பைக்கற் இல்லாதபோது ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு கூடக் கூடாது. மறுநாள் புதிதாகக் கரைக்க வேண்டும். பிள்ளை குடிக்க மறுத்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்கு. இதைச் சொல்லித் தர ஒரு பயிற்சியாளருக்கு ஒரு பின்னேரம் போதும்.

மகாராட்டிர மாநிலத்தில் ஜாம்கேட் என்றொரு வரண்ட பிரதேசம் உள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த், மேபல் ஆரோளே தம்பதியர் 1970இல் அங்கு பணி தொடங்கினர். முதலில் பயிற்றப்பட்ட தாதியரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள், அது சரிவரவில்லை. பின்னர் அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே பயிற்றினார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து வாசனையில்லை; பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மக்கள் முதலில் கேட்டது மருந்தையல்ல, தண்ணீரையும் உணவையும். எனவே குழாய்க் கிணறு தோண்டுவதும் சுகாதார வேலையாயிற்று. மருத்துவருக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இருக்கலாம். தோட்டம் செய்தவர் கேட்க மாட்டார். மேபல் அம்மையார் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் காலமாயினர். பணி தொடர்கிறது. அங்கு பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவருக்கு அக்கிராமப் பெண்களும் ஆசிரியர்களாக இருப்பதுதான் எம்மைச் சிந்திக்க வைக்கிறது.

எம்மிடம் வருவோரும் அப்படி வரட்டும். முதற் கிழமை படிவத்தை மடித்து வைத்துவிட்டு எமது பெண்களோடு தண்ணீர் எடுக்கப் போகட்டும், கிளினிக் நாளில் வரிசையில் நிற்கட்டும். புறப்படுமுன் எழுதியதை மாதர் சங்கக் கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்டட்டும். கிணற்று நீரைப் பரிசோதித்திருந்தால் முடிவை அந்தக் கிணற்றில் அள்ளுபவர்களுக்கு முதலில் சொல்லட்டும். இதைக் கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல. விபரம் எங்களுடையது.

இன்னொன்றும் உண்டு. சம்பளமில்லாப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே சரிவரும். கூலிக்குப் போகும் வீட்டில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளை, இரண்டு மாதம் வெறுங்கையோடு பயிற்சிக்குப் போக இயலாது. பஸ் செலவும் மதிய உணவும் சிறு கொடுப்பனவும் தந்தால் அவள் வருவாள். விடுமுறை முடிந்த பின்னும் அவள் இங்கேதான் இருப்பாள். மழைக்காலத்தில் பக்கத்துக் கொட்டிலில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் இரவிலும் கூப்பிடலாம். நிறுவனங்கள் வெளியார் இருவரை எடுக்கும்போது எமது பிள்ளை ஒருத்தியையாவது எடுக்க வேண்டும் என நாம் கேட்க வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு முன்னர் மாதர் சங்கங்கள் கூடி, எம்மதத்தவராயினும் விருப்பமுள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதிப் பங்குப் பணிமனையிலும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கொடுத்து வைக்கலாம். நிறுவனத்தார் இடம் பார்க்க வரும்போது பட்டியல் தயாராக இருக்கட்டும்.